நிறைய

நாள் முழுக்க எண்ணுகிறேன்.
கரும்பாலையின் சம்பளப் பிரிவில்
நானூற்றுப் பதினாறு பேரின்
மிகைநேரம், பிடித்தம், முன்பணம்.
ஒரு சென்ட் உதைத்தாலும்
வெரூலம் போகும் கடைசி டாக்சியை விட்டுவிட்டு
அதைத் தேடி உட்கார வேண்டும்.

வீட்டுக்கு வந்தாலும் விடுவதில்லை.
பின்னல் ஊசியில் இரண்டு மேலே, ஒன்று கீழே.
வெள்ளிக்கிழமை தூனி ஆட்டத்தில்
ஜாக்குக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது,
யார் எதை இறக்கினார்கள் என்று
நெஞ்சுக்குள் ஒரு பேரேடு.
என் கூட்டாளி கோகிலம் கண்ணைச் சிமிட்டினால்
கையில் நல்ல சீட்டு என்று அர்த்தம்.
அவளுக்குக் கண் எரிச்சலும் உண்டு.
பாதி ஆட்டம் அதனால்தான் தோற்கிறோம்.

ஆறரைக்கு மேட்டுக்குப் போய்விடுவேன்.
மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க்,
முந்தாநாள் செய்த சில்லி பைட்ஸ் ஒரு டப்பா.
கீழே நாணல் படுகை.
அதற்கு அப்பால் விமான நிலையம்
ஒவ்வொரு விளக்காய் விழித்துக்கொள்ளும்.
மேற்கே கரும்புக்கு அந்தப் பக்கம் சூரியன்:
இன்று சிவப்பு கொஞ்சம் கம்மி,
மதியம் பெய்த மழை கழுவிவிட்டது.

முதலில் ஒன்று.
அப்புறம் ஏழு.
பதினொன்று என்று உதடு சொல்லும்போதே
வானச் சட்டியில் கடுகு வெடிக்கிறது.

தகைவிலான்கள்.
தடையோ களைப்போ இல்லாதவன் என்று
யாரோ யோசித்து வைத்த பெயர்.
ஆனாலும் அவை நாணலில் விழுகிற வேகத்தைப் பார்த்தால்
இரவு ஷிப்ட் முடிந்து
பஸ் இருக்கையில் விழுகிறவர்கள் ஞாபகம்தான் வருகிறது.
ஒரு தண்டில் நான்கு, ஐந்து,
தண்டு வளைய வளைய இன்னும் ஒன்று.

நோட்டில் மூன்று கட்டம் போட்டிருக்கிறேன்:
தேதி, சூரியன் மறைந்த நேரம், எத்தனை.
நேரம் நிமிஷ சுத்தமாய் இருக்கும்.
எத்தனை என்ற இடத்தில்
அக்டோபரிலிருந்து ஒவ்வொரு வரியிலும்
நிறைய.
நிறைய.
நிறைய.
ஆலைத் தணிக்கைக்காரர் பார்த்தால்
நாற்காலியோடு சாய்ந்துவிடுவார்.

அவை குளிருக்குத் தப்பி வருகின்றன.
நமக்கோ அது மாங்காய் வெட்டி
மொட்டை மாடியில் காயப்போடும் காலம்.
லீட்ஸில் இருக்கும் மகனிடம் ஒருமுறை கேட்டேன்,
அங்கே கோடையில் இவற்றைப் பார்ப்பாயா, தேஷன்,
வால் இரண்டாய்ப் பிளந்திருக்கும்,
தொண்டை செங்கல் நிறம்.
யோசித்துவிட்டுச் சொன்னான்:
"புறா இருக்கு, அம்மா."

ஏப்ரலில் ஒரு மாலை
கொசுக்கள் மட்டும் வந்தன.
ராஜினாமாக் கடிதம் இல்லை,
கடைசி மாதக் கணக்கை முடிக்கவில்லை,
நாணல் மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது.
அன்றைய கட்டத்தில் சைபர் போட மனம் வராமல்
ஃபிளாஸ்க் மூடியை வைத்து
ஒரு வட்டம் வரைந்தேன்.
அதுவும் சைபர்தான், கொஞ்சம் பெரியது.

இப்போது ஜூன்.
ஐந்து மணிக்கெல்லாம் இருட்டு வந்துவிடுகிறது.
ஸ்வெட்டரின் இடது கை முடிந்தது,
வலது கையில் எங்கோ ஒரு தையல் தப்பி,
முழங்கை வரை பிரித்தாயிற்று.
பழக்கம் விடவில்லை, மேட்டுக்கு வந்தேன்.
யாரோ கரும்பு வயலுக்குத் தீ வைத்திருக்கிறார்கள்.
சூரியன் எது, தீ எது என்று தெரியாத மேற்கிலிருந்து
கறுப்பாய், இலேசாய்,
திரும்பித் திரும்பி ஒன்று வந்தது.
அப்புறம் ஏழு.

எழுந்து நின்றுவிட்டேன்.

மடியில் விழுந்ததைத் தொட்டால்
விரலில் கரி.

கொடியில் காயும் துணியை எடு என்று
வீட்டிலிருந்து போன் அடிக்கிறது.
அடிக்கட்டும்.
வானம் முழுக்கச் சாம்பல் சுற்றுகிறது,
என்னையறியாமல் நோட்டைத் திறந்து
ஜூன் ஒன்பது, ஐந்து மணி நான்கு நிமிஷம் என்று எழுதி
மூன்றாவது கட்டத்தில்
பேனாவை வைத்தபடி இருக்கிறேன்.